சுவரில் எழுந்து நிற்கும் எழுத்து

சுவரில் ஒருவன் வண்ணம் பீச்சி எழுதினான் என்று கேட்டவுடனே, "காலிப்பயல் வேலை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. தோட்டத்துப் பெரியவரும் பட்டணத்துப் பெரியவரும் இவ்விஷயத்தில் ஒரே குரலில் பேசுகிறார்கள். அவர்கள் கோபத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. குண்டர் கும்பல்களின் இலக்கங்கள் சுவர்களில் கிறுக்கப்படுவதை இந்நாடு கண்டிருக்கிறது. 2013-ஆம் ஆண்டில் அரசாங்கம் 49 கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று அறிவிக்கவும் நேர்ந்தது. பிறர் சுவரில் அனுமதியின்றி எழுதுவது குற்றமென்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால், ஊரில் வெட்டுக்குத்து நடந்ததென்று அடுக்களை அரிவாள்மணையைத் தூக்கி எறிவார் உண்டோ?

இக்கலையின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1970-களின் தொடக்கத்தில், நியூயார்க் நகரத்து ஏழைக் குடியிருப்புகளின் சிறுவர்கள் சுரங்க ரயில் வண்டிகளின்மேல் தம் பெயரை எழுதினர். அவர்களுள் ஃபேஸ் 2 என்பார், எழுத்தை நீர்க்குமிழிபோல் பருக்கச் செய்தார். 'கிராஃபிட்டி' என்று பிறர் இட்ட பெயரை அவர் ஏற்கவேயில்லை. தாம் செய்வது எழுத்துக்கலை என்றே கடைசிவரை வாதாடினார்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் வாழும் மிர்கோ ரைசர், 'டெய்ம்' என்னும் புனைபெயரால் அறியப்பட்டவர், அக்கலையை மற்றொரு படிக்கு உயர்த்தினார். 1971-இல் பிறந்து 1989-இல் சுவரெழுத்தில் இறங்கிய இவர், தம் பெயரின் நான்கு ரோமன் எழுத்துகளையே பல்லாண்டுகளாக எழுதிவருகிறார். அவை சுவரைவிட்டு வெளியே பாய்ந்து காற்றில் நிற்பனபோல் தோன்றுகின்றன. இதில் மாயம் ஒன்றுமில்லை. ஒளி எத்திசையிலிருந்து வருகிறதென்று முதலில் முடிவு செய்யவேண்டும். அத்திசை நோக்கிய முகத்துக்கு வெளிச்சம், பக்கவாட்டுக்கு இருள், பின்சுவரில் நிழல். எல்லைக்கோடு வரைவதில்லை, ஒளியும் நிழலுமே உருவத்தை நிறுத்துகின்றன. குப்பியைச் சுவருக்கு அருகில் பிடித்தால் கூர்மையான கோடு, தள்ளிப் பிடித்தால் பனிபோன்ற படலம். கணிதமும் கைப்பழக்கமும் பொறுமையும் இல்லாதவனுக்கு இவ்வேலை கைகூடுமா? நான்கு எழுத்தில் ஓர் ஆயுளுக்குரிய வேலையைக் காண்பவனைக் காலிப்பயல் என்று எந்த நாவால் சொல்வது?

இங்கே வைதிக அன்பர்கள் குறுக்கிடுகிறார்கள். "எழுத்து தெய்வம், அதை வளைப்பதும் பருக்கச் செய்வதும் பாவம்" என்கிறார்கள். தமிழெழுத்து என்றைக்கு வளையாதிருந்தது என்று நாம் கேட்கிறோம். கல்லில் உளிகொண்டு வெட்டிய காலத்தில் அது நேர்கோடுகளாய் நின்றது. ஓலைக்கு வந்ததும் எழுத்தாணிக்கேற்ப உருண்டது. ஓலை துளைபடுமென்று புள்ளியையே விட்டு எழுதினர். 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. எகர ஏகாரங்களை வேறுபடுத்தி வீரமாமுனிவர் உருவம் திருத்தினார். பெரியார் 1935-இல் 'குடி அரசு' ஏட்டில் சீர்திருத்த எழுத்தைப் புகுத்தியபோதும் இதே கூக்குரல் எழுந்தது; 1978-இல் தமிழ்நாட்டு அரசு அதை ஏற்றது; இன்று நம் பிள்ளைகளின் பாடநூலிலும் அவ்வெழுத்தே இருக்கிறது. கருவி மாறுந்தோறும் உருமாறிய எழுத்து, வண்ணக் குப்பிக்கு மட்டும் ஏன் அஞ்சவேண்டும்? ணகரத்தின் சுழிகளையும் ழகரத்தின் வளைவையும் கனப்பரிமாணத்தில் எண்ணிப் பாருங்கள். மெய்யின் புள்ளி, நிழல் வீழ்த்தும் உருண்டையாய் மேலே மிதக்கலாம். ரோமன் எழுத்துக்கு இல்லாத செல்வம் இது.

ஈப்போவில் 2014-இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்காரெவிச் தீட்டிய சுவரோவியங்களைக் காண வெளியூரார் வந்து கூடுகின்றனர். சுவரோவியம் பட்டணத்துக்குப் பெருமை என்பதை நம்மவரும் அங்கே ஒப்புக்கொள்கிறார்கள். பிறன் செய்தால் கலை, நம் பையன் செய்தால் காலித்தனமா?

பாகான் செராயைச் சுற்றிய கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு 19-ஆம் நூற்றாண்டில் நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாய்க் கொண்டுவரப்பட்டனர். பின்னர் ரப்பர் வந்தது. எழுதப் படிக்க வழியின்றிக் கைநாட்டு வைத்தே காலங்கழித்தோர் அவர்களுள் எண்ணற்றவர். அவர்களுடைய பேரப்பிள்ளை வீட்டுயரத்துக்குத் தமிழெழுத்தை நிறுத்த விரும்புகிறான் என்றால், அதைத் தடுப்பது யாருக்கு நன்மை? அவன் கையிலுள்ள குப்பியை நாம் பிடுங்கினால் அவன் சும்மா இருந்துவிடமாட்டான். கும்பலின் இலக்கத்தை எழுதச் சொல்லிக் கொடுப்பவன் ஒருவன் தெருமுனையில் காத்திருக்கிறான்.

ஆகவே கடைக்காரர்களையும், பள்ளி வாரியத்தாரையும், கோயில் நிர்வாகத்தாரையும் நாம் கேட்பது ஒன்றே. திருவிழாப் பந்தலுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கை வண்ணத்துக்கு ஒதுக்குங்கள். உங்களுக்குச் சொந்தமான ஒரு சுவரை, எழுத்துமூலமான அனுமதியுடன், நம் இளைஞரிடம் கொடுங்கள். முதல் எழுத்து கோணலாகவே வரட்டும். அகரம் எழுதிப் பழகிய நாளில் நம்மில் யாருக்கு நேராக வந்தது?