‘அல்லது’ என்னும் ஒரு சொல்

ஆய்வின் பகுதியாக, சொற்பிரிப்பான் ஒன்றையும் உருபனியல் பகுப்பான் ஒன்றையும் ஒரே நிரலாக இணைத்துப் பொதுவில் வெளியிட எண்ணினேன். இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள், இரண்டுமே ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் வந்தவை. ஆனால் ஒன்றில் ‘பதிப்பு 2 மட்டும்’ என்றும் மற்றொன்றில் ‘பதிப்பு 3’ என்றும் எழுதியிருந்தது. ஆகவே இணைத்து வெளியிட வழியில்லை. முதலாவதை எழுதிய மாணவர்கள் பட்டம் பெற்றுச் சென்று பல்லாண்டுகளாகின்றன. அவர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் திரும்பி வந்தன.

ஒரே பெயர் தாங்கிய இரு உரிமங்கள் ஏன் முரண்படுகின்றன? இரண்டாம் பதிப்பு 1991இலும் மூன்றாம் பதிப்பு 2007இலும் வெளிவந்தன. இணைந்த படைப்பு முழுவதும் தன் நிபந்தனைகளின்படியே வெளியாக வேண்டும், மேலதிகக் கட்டுப்பாடு கூடாது என்பது இரண்டுக்கும் பொதுவான விதி. காப்புரிமை குறித்தும், பயனர் தாம் மாற்றிய நிரலைத் தம் கருவியிலேயே இயக்கும் உரிமை குறித்தும் மூன்றாம் பதிப்பு புதிய நிபந்தனைகளைச் சேர்த்தது. இரண்டாம் பதிப்பின் நோக்கில் அவை மேலதிகக் கட்டுப்பாடுகள்.

இச்சிக்கலுக்கான தீர்வு உரிமத்திலேயே உண்டு. ‘பதிப்பு 2 அல்லது பிந்திய பதிப்பு எதுவாயினும்’ என்று ஆசிரியர் எழுதியிருந்தால் போதும். இத்தொடரில் தெரிவு செய்பவர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். உரிமத்தை எழுதிய அமைப்போ மென்பொருளின் ஆசிரியரோ அல்லர், அதைப் பெறுபவரே. புதிய பதிப்பு வந்தவுடன் பழைய உரிமம் காலாவதியாகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. பழைய வாயில் மூடப்படுவதில்லை. பக்கத்தில் இன்னொன்று திறக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பும் உண்டு. இவ்வரியை எழுதுபவர், இன்னும் எழுதப்படாத ஓர் ஆவணத்துக்கு இன்றே இசைவு தருகிறார். லினக்ஸ் கருநிரல் இரண்டாம் பதிப்பில் மட்டுமே நிற்பதும், லினஸ் டோர்வால்ட்ஸ் மூன்றாம் பதிப்பை ஏற்காததும் அறிந்தவையே. படித்துப் பார்த்து ஒப்பிய நிபந்தனைகளுக்கு அப்பால் எவரும் கட்டுப்பட வேண்டியதில்லை என்பது நேர்மையான நிலைப்பாடு.

மறுபக்கத்துக்கு விக்கிப்பீடியா சான்று. அதன் கட்டுரைகள் குனூ கட்டற்ற ஆவண உரிமத்தின் 1.2 பதிப்பு ‘அல்லது பிந்தியது’ என்ற நிபந்தனையில் எழுதப்பட்டவை. 2008 நவம்பரில் வந்த 1.3 பதிப்பு, விக்கித் தளங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு மாற இடமளித்தது. 2009இல் தமிழ் விக்கிப்பீடியா உட்பட எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும் மாறின. எண்ணற்ற பங்களிப்பாளர்களைத் தனித்தனியே தேடிப்பிடித்து இசைவு பெறுவது நடவாத செயல். அந்த ஒரு சொல்தான் வழிவிட்டது. தம்மைக் கேளாமலே தம் எழுத்தின் உரிமம் மாறியது என்று ஒருவர் வருந்தினால், அவ்வருத்தத்திலும் நியாயம் உண்டு.

ஆயினும் ஆய்வு மென்பொருளுக்கு ‘அல்லது’ என்பதே பொருந்தும் என்று கருதுகிறேன். லினக்ஸுக்கு நாள்தோறும் காவலர்கள் உள்ளனர். நம் கருவிகளோ ஆய்வேடு ஒப்படைக்கப்பட்ட நாளிலேயே அநாதையாகின்றன. பொதுப்பணத்தில் உருவான ஒரு தமிழ்ப் பகுப்பான், திருத்த ஆளில்லாத ஒரு வரியால் முடங்குவது, வருங்கால உரிமம் ஒன்று நமக்குப் பிடிக்காமல் போவதைவிடப் பெரிய இழப்பு. வருங்காலத்தை முழுமையாக நம்பத் தயங்குவோருக்கு மூன்றாம் பதிப்பின் 14ஆம் பிரிவு ஒரு நடுவழி தருகிறது: பிந்திய பதிப்பை ஏற்பதா என முடிவு செய்யும் பதிலாள் ஒருவரைக் குறிப்பிடலாம். மாணவர் சென்ற பின்னும் நிலைத்திருக்கும் துறை அப்பொறுப்பை ஏற்கலாம்.

பதிப்பெண்ணையே குறிப்பிடாமல் விடுவதும் ஒரு தெரிவுதான்: அப்போது வெளிவந்த எந்தப் பதிப்பையும் பெறுநர் கொள்ளலாம் என்கிறது அதே உரிமம். ‘மட்டும்’ என்றாலும் ‘அல்லது’ என்றாலும் அறிந்து எழுதுவோம். மேற்கோள் பட்டியலில் அரைப்புள்ளி வரை திருத்தும் நாம், நிரலோடு செல்லும் இந்த ஒரு வரியையும் ஒப்படைப்பதற்கு முன் வாசித்துப் பார்க்கலாம்.