பின்கள வீரருக்கு ஆறே மாதத்தில் தீர்ப்பு எழுதலாமா?

2008 ஜனவரியில் லண்டனின் செல்சி கிளப், மாஸ்கோவின் லோகோமோடிவ் அணியிலிருந்து பிரானிஸ்லாவ் இவானோவிச் என்ற செர்பியப் பின்கள வீரரை ஏறத்தாழ 90 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. அந்த சீசன் முடியும்வரை முதல் அணிக்காக அவர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. மே மாதம் செல்சி சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்துக்கு முன்னேறியது. ஆட்டம் நடந்ததோ அவர் விட்டுவந்த அதே மாஸ்கோவில். அங்கும் அவர் களமிறங்கவில்லை. செப்டம்பரில்தான் முதல் ஆட்டம் வாய்த்தது. எட்டு மாதம் ஆடாமல் சம்பளம் வாங்கியவரை வீண் செலவு என்று கணக்கெழுதி மூடுவது எவருக்கும் எளிது. ஆனால் 2017-இல் அவர் அந்தக் கிளப்பை விட்டுப் போனபோது 377 ஆட்டங்களும் 34 கோல்களும் அவர் பெயரில் இருந்தன. பின்கள வீரர் ஒருவரை வாங்கிய கிளப்பும் அதன் ரசிகர்களும் குறைந்தது ஓராண்டுக்காவது தீர்ப்பைத் தள்ளிவைக்க வேண்டும் என்பதற்கு, இவானோவிச்சின் ஆட்ட வாழ்க்கையைவிடத் தெளிவான சாட்சியத்தை நான் அறியேன்.

அந்த எட்டு மாதத்துக்கு முதல் காரணம் காலண்டர். அன்றைக்கு ரஷ்ய லீக் மார்ச்சில் தொடங்கி நவம்பரில் முடியும். பனிக்காலத்தில் ஆட்டம் கிடையாது. இங்கிலாந்திலோ டிசம்பரும் ஜனவரியும்தான் சீசனின் உச்சம், மூன்று நாளைக்கு ஓர் ஆட்டம் வரும். ஒரு சீசனை முடித்து ஓய்வில் இருந்த உடம்பு, இன்னொரு சீசனின் நடுவில் போய் விழுந்தது. இவானோவிச்சுக்கு இரண்டாண்டு முன்னால், 2006 ஜனவரியில், இதே மாஸ்கோவின் ஸ்பார்டக் அணியிலிருந்து இன்னொரு செர்பியர் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார்: நெமான்யா விடிச். முதல் சில மாதங்கள் அவருக்கும் தடுமாற்றம்தான். அதே விடிச் பின்னர் 2008–09, 2010–11 ஆகிய இரண்டு சீசன்களில் பிரீமியர் லீக்கின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். பின்கள வீரர் ஒருவர் அந்த விருதை இரண்டு முறை வாங்குவது எளிதல்ல. அந்த முதல் வசந்தத்தை மட்டும் பார்த்து அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால் யுனைடெட் எதை இழந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

காலண்டர் சிக்கல் சில வாரங்களில் தீர்ந்துவிடும். அதைவிடப் பெரிய காரணம் அந்த வேலையின் தன்மையில் இருக்கிறது. முன்கள வீரர் ஒன்பது முறை தவறவிட்டுப் பத்தாவது முறை கோல் அடித்தால் அன்றைக்கு அவர்தான் நாயகன். பின்கள வீரர் ஒன்பது முறை சரியாகத் தடுத்துப் பத்தாவது முறை அரை அடி பிந்தினால் தோல்விக்கு அவர்தான் பொறுப்பு. அந்த அரை அடியும் அவர் ஒருவரின் கால்களைப் பொறுத்ததில்லை. பின்களத்தின் நால்வரும் ஒரே கோட்டில் முன்னேறினால்தான் எதிராளி ஆஃப்சைடில் சிக்குவார்; ஒருவர் தயங்கி நின்றால் மூவரின் வேலையும் பாழ். பக்கத்தில் நிற்பவர் பந்துக்குப் பாய்வாரா, பின்வாங்கிக் காப்பாரா, கோல்கீப்பர் குரல் கொடுத்தால் 'விடு' என்கிறாரா 'அடி' என்கிறாரா, இதெல்லாம் நூற்றுக்கணக்கான பயிற்சி நேரங்களில் உடம்புக்குள் இறங்க வேண்டியவை. புதிய மொழியில் கத்துவதைப் புரிந்துகொள்ள வேண்டியவருக்கு இன்னும் கூடுதல் காலம் பிடிக்கும். வேகமும் உயரமும் உள்ள ஒருவரை விலை கொடுத்து வாங்கலாம். இந்தப் புரிதல் அவர் வந்து சேர்ந்த பிறகு அந்த அணிக்குள்ளேயே உருவாக வேண்டும்.

இவானோவிச் காத்திருந்த காலத்தில் செல்சியின் நடுப் பின்களக்காரர்களான ஜான் டெர்ரியோடும் ரிகார்டோ கார்வாலோவோடும் அன்றாடம் பயிற்சி செய்தார். பலன் 2009 ஏப்ரலில் தெரிந்தது. லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியின் முதல் ஆட்டம். இரண்டு கார்னர்கள், இரண்டு முறையும் இவானோவிச் தலையால் முட்டி கோல். செல்சிக்காக அவர் அடித்த முதல் கோல்களே அவைதாம், ஆட்டம் 3–1. அடுத்த சீசனில் ரைட் பேக் ஜோசே போசிங்வா காயமடைந்ததும், அடிப்படையில் நடுப் பின்களக்காரரான இவானோவிச்சைப் பயிற்சியாளர் கார்லோ அன்செலோட்டி வலது ஓரத்துக்கு நகர்த்தினார். தனக்குரியதல்லாத இடத்தில் ஆடியே, அந்த ஆண்டில் சக ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் லீக்கின் சிறந்த பதினொருவரில் ஒருவரானார். செல்சி லீக்கையும் எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்தே வென்றது. 2012 சாம்பியன்ஸ் லீக்கில் நாப்போலியிடம் முதல் ஆட்டத்தில் 1–3 என்று தோற்றிருந்த அணியை, இரண்டாம் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் கோல் அடித்துக் கரைசேர்த்தவரும் அவரே. அந்தக் கோல் இல்லாமல் செல்சிக்கு மியூனிக் இறுதி ஆட்டமே இல்லை. ஆனால் மஞ்சள் அட்டைகள் சேர்ந்து தடைக்குள்ளானதால் மியூனிக்கில் அவரால் ஆட முடியவில்லை. ஓராண்டு கழித்து ஆம்ஸ்டர்டாமில் யூரோப்பா லீக் இறுதி ஆட்டம். பென்ஃபிகாவுடன் 1–1, காய நேரத்தின் மூன்றாம் நிமிடம். யுவான் மாட்டா அடித்த கார்னர் கூட்டத்தைத் தாண்டி வந்தது. இவானோவிச் பின்னால் நகர்ந்தபடியே எம்பி, உடம்பைப் பின்பக்கம் சாய்த்து, பந்தைக் கோல்கீப்பருக்கு மேலாக வளைத்து வலைக்குள் போட்டார். உயரத்தால் மட்டும் வந்த கோல் என்று அதைச் சொல்லிவிட முடியாது. பந்து எங்கே இறங்கும் என்று தெரிந்து நகர்ந்தவரின் கோல் அது.

பணக்காரக் கிளப்புக்குப் பொறுமை கட்டுப்படியாகும், மற்றவர்களுக்கு ஆகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். செல்சியே எல்லா நேரமும் இப்படிப் பலன் கண்டதில்லை. இவானோவிச் முன்பு ஆடிய பெல்கிரேடின் ஓ.எஃப்.கே. கிளப்பிலிருந்தே, 2005-இல் ஸ்லோபோடான் ராய்கோவிச் என்ற பதினாறு வயதுப் பையனுக்குப் பெருந்தொகை கொடுத்து ஒப்பந்தம் போட்டது. 2011-இல் அவர் ஹாம்பர்க்குக்குப் போகும்வரை செல்சியின் முதல் அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. காத்திருந்தும் பலனில்லை என்பதற்கு இவரைக் காட்டலாம். ஆனால் ராய்கோவிச்சுக்கு உண்மையில் யாரும் காத்திருக்கவில்லை. அவரை நெதர்லாந்தில் ஐந்தோவன், ட்வென்டே, வித்தெஸ்ஸே என்று ஒவ்வொரு கிளப்பாகக் கடன் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு பின்களத்தோடு பழகி முடிப்பதற்குள் அடுத்த பின்களம். ஒவ்வோர் இடத்திலும் முதல் பாடத்திலிருந்து தொடக்கம். இவானோவிச்சுக்குக் கிடைத்த எட்டு மாதமும் இந்த ஆறு ஆண்டும் ஒரே கணக்கில் வராது. ஆட்டக்காரரை அணிக்குள் வைத்துப் பழக்கும் பொறுமைக்காகத்தான் வாதாடுகிறேன். அதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. தவறான அவசரத்தில் ஒருவரை விற்று இன்னொருவரை வாங்குவதுதான் சிறிய கிளப்புகளை உண்மையில் முறிக்கிறது.

இதே இவானோவிச்சின் கடைசிக் காலத்தைக் காட்டிச் செய்யப்படும் எதிர்வாதத்துக்குப் பதில் சொல்வது இதைவிடக் கடினம். 2015 ஆகஸ்டில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே ஸ்வான்சியின் ஜெஃபர்சன் மொன்டெரோ அவரைத் திரும்பத் திரும்பத் தாண்டி ஓடினார். 31 வயதுக் கால்களுக்கு அந்த வேகம் எட்டவில்லை. முந்தைய ஆண்டின் சாம்பியனான செல்சி அந்த சீசனில் பத்தாம் இடத்தில் முடிந்தது. பொறுமை அங்கே கெடுதலாகிவிட்டது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் கற்றுக்கொண்டிருப்பவருக்காகக் காத்திருப்பதும், கற்றதையெல்லாம் செய்ய உடம்பு இடம் கொடுக்காதவரைப் பழைய விசுவாசத்தில் தொடர்ந்து இறக்குவதும் வேறு வேறு முடிவுகள். இரண்டாவதைச் செய்ததற்காக முதலாவதைக் குற்றம் சொல்லக் கூடாது. 2016 செப்டம்பரில் ஆர்சனலிடம் 0–3 என்று தோற்றதும் செல்சியின் பயிற்சியாளர் அன்டோனியோ கோன்டே பின்களத்தை மூவராக மாற்றினார். இவானோவிச் வெளியே உட்கார்ந்தார். சரியான முடிவுதான். அதற்குப் பின் ரஷ்யாவின் ஜெனித் அணிக்குப் போய், 2018–19, 2019–20 இரண்டிலும் லீக்கை வென்றார். வேகம் குறைந்த லீக்கில் அவர் கற்றிருந்த இடப்புரிதலே போதுமானதாக இருந்தது.

செர்பிய தேசிய அணியின் கதை இந்தப் பொறுமையின் மறுபக்கம். இவானோவிச் 105 ஆட்டங்கள் ஆடினார். அன்றைக்கு அது அந்நாட்டின் சாதனை. அவர் செல்சியில் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் செர்பியா 2012, 2016 ஐரோப்பியக் கோப்பைகளுக்கும் 2014 உலகக் கோப்பைக்கும் தகுதி பெறவே இல்லை. அந்தக் காலத்தில் பயிற்சியாளர்கள் வந்து வந்து போனார்கள். ஒவ்வொருவரும் தம் பின்களத்தைப் புதிதாக அடுக்கினார்கள். 2018 உலகக் கோப்பைக்கு அணியைத் தகுதி பெறச் செய்த ஸ்லாவோல்யுப் முஸ்லினைக்கூட, போட்டிக்கு முன்பே, 2017 அக்டோபரில் நீக்கிவிட்டார்கள். ஆண்டுக்குச் சில நாட்களே கூடிப் பயிலும் ஓர் அணியில், கூட இருந்து பழகுவதற்கான காலத்தையும் இப்படிச் சிதறடித்தால் விடிச்சும் இவானோவிச்சும் சேர்ந்து நின்றாலும் பயனில்லை. தோல்விகளுக்கெல்லாம் அணித் தலைவரையும் மூத்த ஆட்டக்காரர்களையும் காரணம் காட்டுவது அங்கே வழக்கமாகிவிட்டது. அது அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநியாயம்.

இன்னொரு செர்பியர் நிகோலா மிலென்கோவிச், 2024-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப்புக்கு வந்தவுடனேயே நடுப் பின்களத்தில் முரிலோவின் பக்கத்தில் பொருந்தி நின்றார். அணி லீக்கில் ஏழாம் இடம் பிடித்தது. காத்திருக்க வேண்டியதே இல்லை என்பதற்கு இவரை உதாரணம் காட்டுவார்கள். ஆனால் வந்தபோது அவருக்கு 26 வயது, இத்தாலியின் ஃபியோரென்டினாவில் ஏழு சீசன்கள் ஆடி முடித்திருந்தார். பத்தொன்பது வயதில் பார்டிசான் பெல்கிரேடிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தபோது, முதல் சீசனின் தொடக்க மாதங்களை அவரும் பெரும்பாலும் பெஞ்சில்தான் கழித்தார்.