எஞ்சின்கள் ஆடிய ஆட்டங்களை வாசிப்போம்

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு பைபாஸ் பிரிகிறது. அங்கிருந்து தாம்பரம், பெருங்களத்தூர், சேலையூர் என்று எந்தப் பக்கம் நடந்தாலும் செஸ் வகுப்புக்கான பலகை ஒன்றாவது கண்ணில் படும். ஞாயிற்றுக்கிழமைப் போட்டி முடிந்து மின்சார ரயிலில் திரும்பும் பிள்ளை, ஸ்கோர் ஷீட்டில் எழுதிய நகர்வுகளை ஒவ்வொன்றாக அம்மாவின் கைபேசியில் ஏற்றுகிறது. பலகையின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பட்டை ஏறி இறங்குகிறது. இருபத்து மூன்றாவது நகர்வில் அது சட்டென்று சரிகிறது. சிவப்பில் இரட்டைக் கேள்விக்குறி விழுகிறது. "இங்கதாம்மா விட்டுட்டேன்" என்கிறது பிள்ளை. எங்கே விட்டோம் என்பது தெரிந்துவிட்டது. ஏன் விட்டோம் என்பதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. ஆய்வு என்று நாம் இன்று சொல்வது பெரும்பாலும் இந்த அளவில் நின்றுபோகிறது. செஸ் எஞ்சினை, அதாவது செஸ் ஆடும் கணினி நிரலை, நடுவராக உட்கார வைத்து அதன் தீர்ப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதை ஓர் ஆட்டக்காரராகப் பார்த்து, இரண்டு எஞ்சின்கள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை நகர்வு நகர்வாக வாசிக்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும் என்பது என் கட்சி.

பட்டையோடு எஞ்சின் ஓர் எண்ணையும் காட்டுகிறது. முதலில் அந்த எண் என்ன என்று பார்ப்போம். பிளஸ் ஒன்று என்றால் ஒரு சிப்பாய் அளவுக்கு முன்னிலை என்றுதான் பல பெற்றோர்களும் சில பயிற்சியாளர்களும் இன்னும் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. சிப்பாய்க்கு ஒன்று, குதிரைக்கும் மந்திரிக்கும் மூன்று, யானைக்கு ஐந்து, ராணிக்கு ஒன்பது என்ற பழைய கணக்கின் நீட்சி அது. உலகில் மிக அதிகமாகப் பயன்படும் எஞ்சினான ஸ்டாக்ஃபிஷ், 2022 டிசம்பரில் வந்த 15.1 பதிப்பில் இந்த அளவுகோலை மாற்றிவிட்டது. அது முதல் பிளஸ் ஒன்று என்பதற்குப் பொருள் வேறு: அந்த நிலையிலிருந்து ஸ்டாக்ஃபிஷ் தன்னோடு தானே ஆடினால் பாதி ஆட்டங்களில் வெல்லும். அதாவது நம் பிள்ளை பயபக்தியோடு பார்க்கும் அந்த எண், இரண்டு எஞ்சின்கள் ஆடிய எண்ணற்ற ஆட்டங்களின் சாரம். சேலையூரில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி அந்த நிலையில் உட்கார்ந்தால் வெல்வாளா என்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. சாரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அது பிழிந்தெடுக்கப்பட்ட ஆட்டங்களைத் திறந்தே பார்க்காமல் இருக்கிறோம்.

இயந்திரங்களே அந்த ஆட்டங்களின் வழியாகத்தான் வளர்ந்தன. ஸ்டாக்ஃபிஷின் நிரலில் ஒரு வரியை யாராவது மாற்றினால், அது நல்ல மாற்றமா என்று எந்த நிபுணரும் தீர்ப்புச் சொல்வதில்லை. தன்னார்வலர்கள் கொடுத்துதவும் கணினிகளில் பழைய நிரலும் புதிய நிரலும் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் மோதுகின்றன. வென்றால்தான் மாற்றம் நிற்கும். 2013 முதல் நடக்கும் ஏற்பாடு இது. கூகுளின் டீப்மைண்ட் உருவாக்கிய ஆல்ஃபாஜீரோவுக்கோ மனிதர்களின் ஓர் ஆட்டம்கூடக் கொடுக்கப்படவில்லை. விதிகளை மட்டும் தெரிந்துகொண்டு, ஒன்பது மணி நேரத்தில் தன்னோடு தானே சுமார் 4.4 கோடி ஆட்டங்கள் ஆடிக் கற்றது. 2017 டிசம்பரில் ஸ்டாக்ஃபிஷ் 8க்கு எதிரான 100 ஆட்டங்களில் 28ஐ வென்றது, 72ஐ டிரா செய்தது, ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

தீர்ப்புக்கும் விளக்கத்துக்கும் உள்ள இடைவெளியைக் காட்ட, தமிழர்கள் எல்லோரும் பார்த்த ஓர் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். குகேஷும் டிங் லிரெனும் ஆடிய உலக சாம்பியன்ஷிப் தொடரின் பதினான்காவது ஆட்டம். குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். ஆனாலும் டிராவை நோக்கித்தான் ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. ஐம்பத்தைந்தாவது நகர்வில் டிங் யானையை எதிராளியின் யானைக்கு நேராகக் கொண்டுவந்தார். அந்த நொடியே உலகெங்கும் திரைகளில் பட்டை சரிந்தது. இந்தத் தவறை குகேஷ் கண்டுகொள்வதற்கு முன்பே லட்சக்கணக்கானவர்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தது, ஆனால் எத்தனை பேருக்குப் புரிந்தது? விஷயம் யானையில் இல்லை, டிங்கின் மந்திரியில் இருந்தது. அது பலகையின் மூலைக்கட்டத்தில் நின்றது. மூலையில் நிற்கும் மந்திரிக்கு ஒரே ஒரு குறுக்குப் பாதைதான். யானைகள் இரண்டும் வெட்டுப்பட்டதும் குகேஷ் தன் மந்திரியை அதே பாதையின் நடுவில் நிறுத்தினார். விலகிப் போக இடமில்லை. மந்திரிகளும் வெட்டுப்பட்டே ஆக வேண்டும். பிறகு மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும்தான். அங்கே ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருப்பவருக்கே வெற்றி. இதைத் தன் வாயால் சொல்லத் தெரிந்த பிள்ளை, அடுத்த போட்டியில் தன் மந்திரி மூலையில் நிற்கும்போது யானையை மாற்றிக்கொள்ள யோசிக்கும். பட்டை சரிந்ததை மட்டும் பார்த்த பிள்ளைக்கு அந்த எச்சரிக்கை வராது.

இயந்திரத்தின் தீர்ப்பை அப்படியே நம்புவது சிறுவர்களுக்கு மட்டும் உரிய பலவீனம் அல்ல. 1997 மே மாதம் நியூயார்க்கில் டீப் ப்ளூ கணினியுடன் ஆடிய இரண்டாவது ஆட்டத்தில் அப்போதைய உலக சாம்பியன் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்தார். ஆட்டம் முடிந்த பிறகு ஆராய்ந்தபோது, தொடர்ந்து செக் கொடுத்து அவர் டிரா செய்திருக்க வழி இருந்தது தெரியவந்தது. இவ்வளவு வலுவான இயந்திரம் அப்படியொரு வழியை விட்டுவைத்திருக்காது என்று நம்பி அவர் அதைத் தேடாமலே விட்டார். அந்தத் தொடரை டீப் ப்ளூ 3.5-2.5 என்று வென்றது.

எஞ்சின்களின் ஆட்டங்களை எங்கே, எப்படி வாசிப்பது? 2010இல் தொடங்கிய டாப் செஸ் எஞ்சின் சாம்பியன்ஷிப் இதற்கு நல்ல களம். ஸ்டாக்ஃபிஷும் லீலா செஸ் ஜீரோவும் அங்கே பலமுறை இறுதிச் சுற்றில் மோதியிருக்கின்றன. ஆரம்ப நிலையிலிருந்து ஆடவிட்டால் இரண்டும் டிராவிலேயே முடியும் என்பதால், முதல் சில நகர்வுகளை ஏற்பாட்டாளர்களே தீர்மானித்துக் கொடுக்கிறார்கள். இறுதிச் சுற்றின் 100 ஆட்டங்கள் 50 ஜோடிகளாக அமைகின்றன. ஒரே ஓபனிங்கை இருவரும் வெள்ளையாக ஒருமுறை, கறுப்பாக ஒருமுறை ஆட வேண்டும். ஒரு பாடப்புத்தகம் இதைவிட நன்றாக அமையாது. ஒரே நிலை, ஒரே பக்கம், வேறு வேறு இரண்டு மூளைகள். ஒன்று வென்று மற்றது டிரா செய்திருந்தால், எந்த நகர்வில் இரண்டும் பிரிந்தன, பிரிந்தபோது எதைப் பெரிதாக நினைத்தன என்று அருகருகே வைத்துப் பார்க்கலாம். சில ஆட்டங்களில் இரண்டு எஞ்சின்களும் பிளஸ் இரண்டு என்று ஐம்பது நகர்வுகளுக்குச் சொல்லிக்கொண்டே போகும். பலகையிலோ கோட்டை கட்டி அடைத்தாகிவிட்டது, யாரும் உள்ளே நுழைய முடியாது. அது டிராதான் என்று நல்ல பயிற்சி பெற்ற மனிதக் கண்ணுக்கு முன்கூட்டியே தெரியும். இந்த இடத்தைப் பிள்ளைக்குக் காட்டினால், எண்ணின் மேல் உள்ள பயம் பாதி போய்விடும்.

ஆல்ஃபாஜீரோ தந்த ஓர் உத்தியையும் நெருங்கிப் பார்க்கலாம். எதிராளியின் ராஜா கோட்டை கட்டிய பக்கத்தில் ஓரச் சிப்பாயை ஒவ்வொரு கட்டமாகத் தள்ளி, ஆறாவது வரிசையில் நிறுத்திவிடும். அங்கே அந்தச் சிப்பாய் எதையும் வெட்டுவதில்லை. அவசரமாகப் பார்ப்பவருக்கு அது வீணாக நிற்பதுபோலத் தோன்றும். ஆனால் ராஜா மேலே வருவதற்கான கட்டத்தை அது பூட்டி வைத்திருக்கிறது. இருபது நகர்வுகள் கழித்துக் காய்கள் குறைந்த பிறகு, கடைசி வரிசையில் ஒரு யானை நுழைந்தால் போதும். ராஜாவுக்கு மூச்சுவிட இடமில்லை. மேத்யூ சாட்லரும் நடாஷா ரீகனும் ஆல்ஃபாஜீரோவின் ஆட்டங்களை வாசித்து எழுதிய நூல் 2019இல் வந்தது. அதில் இந்த உத்தியை மனிதர்கள் புரிந்துகொள்ளும் மொழியில் விரித்துச் சொன்னார்கள். அதே ஆண்டில், தன் ஆட்டம் மாறியதற்கு ஆல்ஃபாஜீரோவே காரணம் என்று அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சன் வெளிப்படையாகச் சொன்னார். எந்தப் பட்டையும் இந்தப் பாடத்தை நடத்தியிருக்காது. உத்தி என்பது ஒரு நகர்வில் இல்லை, இருபது நகர்வுகளின் தொடர்ச்சியில் இருக்கிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு. ஆல்ஃபாஜீரோ வென்ற போட்டியே நியாயமாக நடக்கவில்லை. நகர்வுக்கு ஒரு நிமிடம் என்று கட்டி, ஓபனிங் நூலையும் பறித்து ஸ்டாக்ஃபிஷை ஆட வைத்தார்கள் என்று அப்போதே குறை எழுந்தது. அந்தக் குறை சரியானதே. ஓராண்டு கழித்து மாற்றிய நிபந்தனைகளோடு 1,000 ஆட்டங்களின் முடிவை வெளியிட்டார்கள்: 155 வெற்றி, 6 தோல்வி, மற்றவை டிரா. ஆனால் யார் பெரியவர் என்பது கற்பவருக்கு முக்கியமே இல்லை. ஓரச் சிப்பாய் ராஜாவைப் பூட்டுகிறது என்பது எந்த நிபந்தனையிலும் உண்மை. இன்னொரு மறுப்பு கனமானது: எஞ்சின்களின் ஆட்டம் மனிதருக்கு எட்டாதது, நாற்பது நகர்வுக்கு முன்னே கணக்குப் போட்டு ஆடுவதைப் பத்து வயதுப் பிள்ளை என்ன புரிந்துகொள்ளும்? பெரும்பாலான ஆட்டங்களுக்கு இது பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் தேர்வு வேண்டும். நூறில் தொண்ணூறைத் தள்ளிவிட்டு, ஒரு கருத்து தெளிவாகத் தெரியும் பத்தை எடுக்க வேண்டியது பயிற்சியாளரின் வேலை. முன்னாள் உலக சாம்பியன் மிகைல் டாலின் ஆட்டங்களிலும் எல்லாவற்றையும் நாம் பிள்ளைகளுக்குக் காட்டுவதில்லையே.

எனக்கு மிகவும் கடினமாகத் தோன்றும் மறுப்பு வேறு. கிராண்ட்மாஸ்டர் ஒருவரிடம் மணிக்கணக்கில் பணம் கொடுத்துப் பயிற்சி எடுக்கப் புறநகரின் எல்லாக் குடும்பங்களாலும் முடியாது. கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ்தான் அந்தப் பிள்ளைகளின் குரு. அதையும் கையிலிருந்து பிடுங்கலாமா என்று கேட்பார்கள். பிடுங்கச் சொல்லவில்லை. உலக சாம்பியனின் அறையில் உள்ள அதே எஞ்சின் இரும்புலியூரில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகளுக்கும் கிடைக்கிறது என்பது இந்த நூற்றாண்டின் நல்ல செய்திகளில் ஒன்று. ஆனால் வசதியுள்ள பிள்ளைக்கு எஞ்சினோடு அதன் எண்ணை விளக்கிச் சொல்ல ஓர் ஆளும் இருக்கிறார். வசதியில்லாத பிள்ளைக்கு எண் மட்டும்தான். உண்மையான ஏற்றத்தாழ்வு அங்கேதான் இருக்கிறது. அந்த இடைவெளியை இன்னொரு செயலி நிரப்பாது. விளக்கம் எழுதப்பட்ட ஆட்டங்கள்தான் நிரப்பும், அதுவும் பிள்ளைக்குப் புரியும் மொழியில் எழுதப்பட்டவை.

குகேஷின் வழியைக் கவனியுங்கள். அவருடைய தொடக்ககாலப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, கிராண்ட்மாஸ்டர் தரத்தை எட்டும் வரை அவரை எஞ்சின் பக்கம் விடவில்லை. தானே கணக்கிட்டு, தானே தவறி, தானே காரணம் கண்டு வளர்ந்த சிறுவன் 2019 ஜனவரியில், பன்னிரண்டு வயது ஏழு மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனான். இதைக் காட்டி எஞ்சினே கூடாது என்பவர்களும் உண்டு. அது அவசர முடிவு. கணினியை முதலில் அரவணைத்தவர்களில் ஆனந்தும் ஒருவர். 1999இல் ஸ்பெயினின் லியோன் நகரில், இருவரும் கணினியை அருகில் வைத்துக்கொண்டே ஆடிய போட்டியில் கார்போவை வீழ்த்தியவர். குகேஷும் பின்னாளில் எஞ்சினைப் பயன்படுத்தியவர்தான். இருவருக்கும் பொதுவானது ஒன்று: இயந்திரத்திடம் போகும் முன்பே ஒரு நிலையைப் பார்த்துத் தனக்கென்று ஓர் அபிப்பிராயம் சொல்லும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. அபிப்பிராயம் இல்லாதவருக்கு எஞ்சினோடு வாதாட எதுவும் இல்லை.

1972இல் மானுவல் ஆரோன் சென்னையில், சோவியத் பண்பாட்டு மையத்தில் டால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். சிறுவன் ஆனந்த் வளர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. ஆட்டம் முடிந்ததும் பலகையைச் சுற்றி நின்று, இந்தக் குதிரை இங்கே வந்திருக்கலாமே, அந்தச் சிப்பாயை ஏன் தொட்டாய் என்று பேசும் கலாச்சாரம் இப்படிப்பட்ட இடங்களில்தான் வளர்ந்தது. இந்தியாவின் கிராண்ட்மாஸ்டர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தமிழ்நாட்டுக்காரர்கள் என்பதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். கைபேசி அந்தப் பேச்சை அடக்கிவிட்டது; பட்டை சொன்ன பிறகு பேச என்ன இருக்கிறது என்று ஆகிவிட்டது. எஞ்சின்களின் ஆட்டத்தை நடுவில் வைத்தால் அந்தப் பேச்சு திரும்பும். அங்கே தோற்றதும் இயந்திரம், வென்றதும் இயந்திரம். யாருடைய பிள்ளைக்கும் அவமானம் இல்லை. எல்லோரும் துணிந்து வாய் திறக்கலாம்.

தாம்பரம் வட்டாரத்தில் வகுப்பு நடத்தும் பயிற்சியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்துக்கு ஒரு ஜோடி போதும். ஒரே ஓபனிங்கில் ஸ்டாக்ஃபிஷும் லீலாவும் மாறி மாறி ஆடிய இரண்டு ஆட்டங்களை மரப்பலகையில் வைத்து ஆடிக் காட்டுங்கள். கைபேசிகள் பையில் இருக்கட்டும். பத்து நகர்வுக்கு ஒருமுறை நிறுத்தி, யார் பக்கம் நன்றாக இருக்கிறது, ஏன் என்று ஒவ்வொரு பிள்ளையையும் தமிழில் இரண்டு வாக்கியம் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எல்லோரும் எழுதி முடித்த பிறகு எஞ்சினைத் திறக்கலாம். அந்த ஆட்டங்கள் அத்தனையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.