ஸ்டடி அவரைக் கூட்டினால் படிப்பு வந்துவிடுமா?

நர்சிங் காலேஜில் ரிசல்ட் மோசமாக வந்தால் உடனே ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். ஹாஸ்டல் ஸ்டடி அவரில் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டுவது, செல்போனைப் பிடுங்கி வைப்பது. யாராவது தூங்கினால் எழுப்பிவிட வார்டன் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். அவ்வளவுதான், பாஸ் பர்சன்டேஜ் ஏறிவிடுமாம்!

அங்கே தூங்கி விழுகிற பெண் காலையிலேயே வார்டுக்குப் போய் பெட் மேக்கிங், பிபி, டெம்பரேச்சர் என்று நின்றவள். மதியம் வகுப்பு. அதற்கப்புறம் ரெக்கார்டு நோட்டு. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து அப்படியே எழுதி, கோடு போட்டு, கலர் பென்சிலில் படம் வரைந்து, கையெழுத்துக்கு வரிசையில் நிற்க வேண்டும் (ஒரு வரி மூளைக்குள் போகாது, அது வேறு விஷயம்). "நல்லா படிம்மா" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படிப் படிக்கிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

ஒரு கணக்கு. 1000 மில்லி சலைன், 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். செட் மில்லிக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு 42 சொட்டு என்று டக்கென்று சொல்வார்கள், கைடில் இருக்கிறது. மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டைக் கையில் கொடுத்தால்? பாதிப் பேர் முழிப்பார்கள். விடை 125. வட்டிக் கணக்கைவிடச் சுலபம். ஆனால் ஏன் பெருக்குகிறோம், ஏன் 480ஆல் வகுக்கிறோம் என்று ஒருநாளும் கேட்கப்படாதவளுக்கு அது புதுக் கணக்கு. பரீட்சையில் தப்பினால் 5 மார்க் போகும். வார்டில் தப்பினால்?

இன்னொன்று. ஆஸ்துமா நோயாளிக்கு விசில் சத்தம் வரும், இது மனப்பாடம். மூச்சுத் திணறிக்கொண்டிருந்தவருக்கு அந்தச் சத்தம் திடீரென்று நின்றுவிட்டால்? "குணமாகிவிட்டது" என்று டிக் அடிப்பாள். காற்றே உள்ளே போகவில்லை, உயிருக்கே ஆபத்து என்பதுதான் விடை. வேலைக்கான தேர்வுகளில் இந்த மாதிரி யோசிக்க வைக்கிற கேள்விகள் வரும். 2020 முதல் எய்ம்ஸ் நடத்துகிற நார்செட் தேர்வில் தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் கழிப்பார்கள். நாலு வருஷம் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுத வைத்துவிட்டு அங்கே கொண்டுபோய்த் தள்ளுவது என்ன நியாயம்?

2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்து நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். நம் ஸ்டடி அவர் முழுக்க அந்த ஐந்து நிமிட ஞாபகத்துக்கான ஏற்பாடு!

"தமிழ் மீடியத்தில் படித்ததுகளுக்கு இங்கிலீஷ் புக் எப்படிப் புரியும்" என்று ஒரு சலிப்பு வேறு. புரூனர் புத்தகத்தின் தடிமனைப் பார்த்தால் இங்கிலீஷ் மீடியத்துக்கும் காய்ச்சல் வரும். வார்டில் பாட்டி "நெஞ்சு படபடங்குதும்மா, கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்றுதானே சொல்கிறாள்? அதைப் புரிந்துகொள்கிற பெண்ணுக்குப் பாடம் பாதி தெரியும். மீதிப் பாதியைத் தமிழில் பேசிப் புரிய வைத்து, பிறகு இங்கிலீஷில் எழுத வைத்தால் என்ன குறைந்துவிடும்?

பெரிய செலவெல்லாம் இல்லை. வார்டிலிருந்து கிளம்பும் முன் பத்து நிமிடம், அன்றைக்குப் பார்த்த ஒரே ஒரு நோயாளியை வைத்து நாலு கேள்வி. இவருக்கு ஏன் இந்த மருந்து, பொட்டாசியம் குறைந்தால் என்ன ஆகும், இந்த நாலு பேரில் முதலில் யாரிடம் ஓடுவாய். தப்பாகச் சொன்னால் திட்டாமல், ஏன் அப்படி நினைத்தாள் என்று கேட்க வேண்டும். நேரம் இல்லை என்பார்கள். ரெக்கார்டில் கலர் பென்சிலை நிறுத்தினாலே நேரம் கிடைக்கும்.

அதுவும் முடியாதென்றால், அந்த நாற்காலியை எடுத்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குத் தூங்கவாவது விடுங்கள். காலையில் ஊசி போடப் போகிறவள் அவள்.