தொண்ணூற்றொன்பது வெள்ளமும் ஒரு கடன் சீட்டும்

எங்கள் அப்பத்தா மூன்று செய்திகளைச் சலிக்காமல் சொல்லுவார். மலைமேல் ரயில் ஓடிற்று என்பது ஒன்று. தேயிலைப் பெட்டிகள் கம்பிக் கயிற்றில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின என்பது இரண்டு. தொண்ணூற்றொன்பது வெள்ளத்தில் எல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று, ஐந்து வயதுச் சிறுமியாகிய தம்மைத் தோளில் தூக்கிக்கொண்டு தகப்பனார் போடிக்கு இறங்கி வந்தார் என்பது மூன்று. போடிநாயக்கனூரில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளாகிய எங்களுக்கு ரயில் என்றால் மதுரைக்குப் போகும் மீட்டர்கேஜ் வண்டிதான். மலையுச்சியில் ரயிலா என்று சிரித்தோம். அப்பத்தா கோபித்துக்கொண்டதில்லை. "சிரிங்கடா, கண்டவளுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்துக்கொள்வார்.

அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்தபின், தந்தையாரும் உடன்பிறந்தோருமாக நாங்கள் குடும்ப வரலாற்றைத் தொகுக்க முற்பட்டோம். முந்தைய தலைமுறையினர் இதற்கெனச் சென்னைக்கும் திருவனந்தபுரத்திற்கும் அலைந்திருக்க வேண்டும். இன்று நெல்சன் 1868இல் எழுதிய மதுரை நாட்டு வரலாறும், பிரான்சிஸ் 1906இல் தொகுத்த மதுரை மாவட்ட கெசட்டியரும், அதே ஆண்டில் நாகம் ஐயா வெளியிட்ட திருவிதாங்கூர் கையேட்டின் மூன்று தொகுதிகளும் மின்னுருவில், இலவசமாக, வீட்டுத் திண்ணையிலேயே படிக்கக் கிடைக்கின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவ், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்றவை செய்திருக்கும் தொண்டுக்கு நாம் அனைவரும் கடன்பட்டிருக்கிறோம். இந்த நன்றியை முதலில் சொல்லிவிட்டே மாற்றுக் கருத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் தோற்றவர்கள் நாங்கள்; வென்றவர் அப்பத்தா. மலைத்தோட்டங்களின் வரலாறு கூறும் பக்கங்களைப் புரட்டியபோது அவருடைய ரயில் கிடைத்தது. மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை 1902இல் ஒற்றைத் தண்டவாளம் ஒன்று போடப்பட்டது. மாடுகள் அதில் வண்டியை இழுத்தன. 1908இல் அது குறுகிய இருப்புப்பாதையாக மாற்றப்பட்டு, நீராவி எஞ்சின் ஓடிற்று. டாப் ஸ்டேஷனில் இறக்கப்பட்ட தேயிலை அங்கிருந்து கம்பிக் கயிற்றில் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்கு வந்தது. போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்ததோ 1928இல்தான். சமவெளிக்காரர்கள் தம் ஊரில் ரயிலைப் பார்ப்பதற்கு முன்பே, மலையில் பிறந்த சிறுமி ஒருத்தி ரயிலைப் பார்த்திருக்கிறாள்!

எஞ்சியது தொண்ணூற்றொன்பது வெள்ளம். அதை 1899 என்றே எங்கள் வீட்டில் எல்லாரும் கொண்டிருந்தனர். அவ்வாறாயின் அப்பத்தா 1894இல் பிறந்திருக்க வேண்டும். 1948இல் எங்கள் தந்தையாரைப் பெற்றபோது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு! கணக்கு இடித்தது. கிழவி ஆண்டை மறந்திருப்பாள் என்று நாங்களே தீர்ப்பெழுதிவிட்டோம். நாகம் ஐயாவின் நூலைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் தவறு யாருடையது என்று விளங்கிற்று. அந்நூலில் ஆங்கில ஆண்டுகளோடு கொல்லம் ஆண்டுகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. மலை திருவிதாங்கூருக்கு உரியது. மலையில் வாழ்ந்தவர் மலையின் ஆண்டைத்தான் சொல்லியிருக்கிறார். தொண்ணூற்றொன்பது என்பது 1899 அன்று. ஆயிரத்தைச் சொல்லாமல் விட்ட கொல்லம் 1099. ஆவணிக்கு முந்தைய மாதங்களாயின் கொல்லம் ஆண்டோடு 825ஐக் கூட்ட வேண்டும். விடை 1924. அவ்வாண்டு ஜூலையில் பெய்த பேய்மழையில் குண்டளை இருப்புப்பாதை அழிந்தது என்பதும் அச்சேறிய செய்தியே. 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது மலையாளிகள் ஒப்புக்கு எடுத்துக்காட்டியதும் இதே தொண்ணூற்றொன்பது வெள்ளத்தைத்தான். அப்பத்தா பிறந்தது 1919 வாக்கில். அவர் எதையும் மறக்கவில்லை. நமக்குத்தான் அவருடைய நாட்காட்டி தெரியவில்லை.

இதுவரை சொன்னது மின்னூல்களின் பெருமை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரயில் இருந்தது என்று நூல்கள் சொல்லின. வெள்ளம் வந்தது என்றும் சொல்லின. ஆனால் தோளில் மகளைச் சுமந்து இறங்கிய எங்கள் பூட்டனாரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. துரைமார்களின் பெயர் இருக்கிறது, ஜமீன்தார்களின் பெயர் இருக்கிறது. சுமை தூக்கியவர்கள் கூலியாட்கள் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். அவர் இறங்கி வந்தார் என்பதற்கு எங்களிடமிருந்த ஒரே எழுத்துச் சான்று பெரிய எழுத்து நல்லதங்காள் கதைப் புத்தகம் ஒன்றின் நடுவே மடிந்து கிடந்த மளிகைக் கடைச் சீட்டு. ரக்தாட்சி ௵ ஆடி ௴, மலையிலிருந்து வந்த வகையில் அரிசி நான்கு படி கடன் என்று அதில் எழுதியிருக்கிறது. கடன் தீர்ந்தபின் குறுக்கே கோடடித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ரக்தாட்சி அறுபது ஆண்டுக்கு ஒரு முறை வருவது. அச்சீட்டு தனித்துக் கிடந்திருந்தால் 1864இன் ரக்தாட்சியா, 1924இன் ரக்தாட்சியா என்று சொல்ல இயலாது. அப்பத்தாவின் சொல் தனித்து நின்றிருந்தால் 1899இலேயே நின்றிருக்கும். பாட்டியின் வாய்மொழி, அரசு நூலின் ஆண்டு முறை, கடைக்காரரின் சீட்டு ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்திலேதான் உண்மை பிடிபட்டது.

எங்கள் குடும்பத்தின் முதல் ஆவணம் செப்புப்பட்டயம் அன்று, ஓர் அரிசிக் கடன் சீட்டு. இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமில்லை. ஆனால் மின்னூல்கள் பெருகிய பின் நம் நண்பர்களிடையே வேறொரு போக்கைக் காண்கிறோம். 1909இல் தர்ஸ்டன் வெளியிட்ட குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளையும் தரவிறக்கி, தம் சாதிக்குரிய பக்கங்களை மட்டும் எடுத்து, அதையே குடும்ப வரலாறென்று மலர் அச்சிடுகின்றனர். பாளையப்பட்டு வம்சாவளிகளில் தம் குலப்பெயரைக் கண்டதும் தாத்தாவுக்கு முடி சூட்டிவிடுகின்றனர். அந்த வம்சாவளிகளில் பல மெக்கன்சி காலத்தில் திரட்டப்பட்டவை. பாளையக்காரர்கள் தம் உரிமையை நிலைநாட்ட விரும்பிய காலத்தில் எழுந்தவை. வடக்கிலிருந்து வந்தார், வீரச்செயல் செய்தார், மன்னர் மகிழ்ந்து நிலம் தந்தார் என்ற ஒரே வார்ப்பில் பலவும் அமைந்திருப்பதற்குக் காரணம் அதுவே. அவை பயனற்றவை அல்ல. ஆனால் ஒரு விண்ணப்பத்தை எப்படிப் படிப்போமோ அப்படிப் படிக்க வேண்டும். குலத்தின் கதை வேறு, குடும்பத்தின் கதை வேறு. முன்னது எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்கும். பின்னதை அவரவரே தேட வேண்டும்.

தேடுவதற்கும் நமக்கென ஒரு முறை வேண்டும். மேலைநாட்டார் குடும்பப்பெயரைத் தட்டித் தேடுவர். நமக்குக் குடும்பப்பெயர் ஏது? தலைப்பெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பேரனுக்குத் தாத்தா பெயர். பங்காளிகள் பத்துப் பேருக்கும் குலதெய்வத்தின் பெயர். பெயரைக் கொண்டு தேடினால் ஆயிரம் பேர் வருவார்கள், நம்மவர் வரமாட்டார். ஆகவே ஊரையும் வழியையும் தொழிலையும் கொண்டு தேட வேண்டும். ஊர்ப்பெயரிலும் சிக்கலுண்டு. ஆங்கில நூல்களில் போடிநாயக்கனூர் ஒற்றைக் ககரத்தோடும் இரட்டைக் ககரத்தோடும் வரும். சில இடங்களில் போடி என்று மட்டும் வரும். பிரான்சிஸின் நூலில் நம் ஊரைப் பெரியகுளம் வட்டத்தின் கீழ்த் தேட வேண்டும். தேனி மாவட்டத்தைத் தேடினால் கிடைக்காது. மலைப்பகுதியோ அன்று திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 முதல் கேரளம். தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டதால், போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டம் பார்த்துவரும் குடும்பங்களின் வரலாறு பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் கிடக்கிறது. மலையாள எழுத்தைக் கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் போதும் என்பதை அனுபவத்தில் கண்டோம்.

தமிழ் நூல்களில் தேடுவோர் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய ணை, லை, றா போன்ற வடிவங்களைக் கணினி பலமுறை தவறாகப் படிக்கிறது. தமிழ் எண்களிலும் ஆண்டு, மாதக் குறியீடுகளிலும் தடுமாறுகிறது. தேடுபொறி இல்லை என்று சொன்னால் நூலில் இல்லை என்று பொருளன்று. பக்கம் பக்கமாகக் கண்ணால் படிக்கும் பழைய பழக்கத்தைக் கைவிடலாகாது.

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அந்தக் கடன் சீட்டோடு ஒரு தகரப்பெட்டி நிறையத் தாள்கள் இருந்தன. கணக்குச் சிட்டைகள், மொய் நோட்டுகள், கல்யாணப் பத்திரிகைகள், சீர்வரிசை எழுதிய தாள்கள். பழைய வீட்டை இடித்தபோது அவற்றை எடைக்குப் போட்டுவிட்டோம். போட்டவர்கள் வேறு யாருமல்லர். தமிழ் முதுகலை படித்து, ஏட்டுச்சுவடிகளைத் தேடி உ.வே.சா. நடந்த நடையை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் உருக்கமாக நடத்தும் நாங்களேதான். சுவடி என்றால் பனையோலை என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தோம். சீட்டு ஒன்று தப்பியதற்குக் காரணம், அது புத்தகத்திற்குள் இருந்ததும், புத்தகத்தை எடைக்குப் போட மனம் வராததுமே.

மொய் நோட்டு என்பது என்னவென்று எண்ணிப்பாருங்கள். ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதப்பட்ட அந்த நோட்டில் ஒரு குடும்பத்தின் உறவு வட்டம் முழுவதும் இருக்கிறது. எந்தெந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று குறித்துக்கொண்டால் பெண் கொடுத்து, பெண் எடுத்த வழி வரைபடமாகவே விரியும். இருபது ஆண்டு இடைவெளியில் எழுதிய இரண்டு நோட்டுகளை ஒப்பிட்டால் யார் ஊர் மாறினார், எந்த உறவு அறுந்தது என்பது தெரியும். சீர்வரிசைத் தாளில், எந்தக் கெசட்டியரிலும் இடம்பெறாத நம் வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் நூல்களோடு அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் சேர்த்துவைத்தார். அதனாலன்றோ 1994இல் அவர் பெயரால் சென்னையில் ஒரு நூலகம் எழ முடிந்தது. அவர் குப்பை என்று கருதாததை நாம் குப்பை என்று விற்றுக்கொண்டிருக்கிறோம்.

பெரிய எழுத்துப் பதிப்புகள் பல இன்று மின்னூலகங்களில் கிடைக்கின்றன. எங்கள் நல்லதங்காள் தொலைந்தாலும் வேறொரு பிரதி கிடைத்துவிடும். நடுவில் மடிந்திருந்த சீட்டுக்கு வேறு பிரதி கிடையாது. ஆகவே வாசக நண்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் எளியது. தரவிறக்குவதோடு நில்லாமல் பதிவேற்றவும் செய்யுங்கள். வீட்டை இடிக்குமுன், பரணை ஒழிக்குமுன், கைபேசியிலாவது தாள்களைப் படமெடுங்கள். எந்த வீட்டுத் தாள், யார் கையெழுத்து, யார் சொல்லித் தெரிந்தது என்று பக்கத்தில் இரண்டு வரி எழுதி வையுங்கள். உயிரோடிருப்பவரின் கடனும் வழக்கும் அதில் இருந்தால் வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பொதுவில் வையுங்கள்.

அதற்கும் முன்னதாக, வீட்டில் முதியவர் இருந்தால் அருகில் போய் உட்காருங்கள். மலைமேல் ரயில் ஓடிற்று என்று அவர் சொன்னால் சிரிக்காமல், எந்த ஆண்டு என்று கேளுங்கள். ஆண்டைச் சொன்னால், எந்தக் கணக்கில் என்றும் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.