டிக்கெட் அபராதம் 500 ரூபாய்... வீடியோ அபராதம் எவ்வளவு?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் அரசுப் பேருந்தில் செக்கிங் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பயணியிடம் டிக்கெட் இல்லை. அவர் ஏமாற்றப் பார்த்தாரா, நெரிசலில் கண்டக்டரால் அவரிடம் வரமுடியவில்லையா என்பது விசாரித்தால்தான் தெரியும். ஏமாற்றியிருந்தால்கூட மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 500 ரூபாய் வரைதான். கட்டிவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது.

அந்த நேரத்தில் ஒரு கேமரா ஓடிக்கொண்டிருந்தால்? அவர் தடுமாறுவது, கெஞ்சுவது, கோபப்படுவது எல்லாமே வீடியோ ஆகிவிடும். பத்து வருடம் கழித்து, அவர் மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டாரின் போனிலும் அது இருக்கலாம். 500 ரூபாய்க்கு ரசீது உண்டு. இந்த அபராதத்துக்கு ரசீதும் இல்லை, முடிவும் இல்லை.

பிடிபடுவதே நிகழ்ச்சி

வெளிநாட்டு டி.வி-க்களில் இது ஒரு தனி ரகம். அமெரிக்காவில் 1989-ல் தொடங்கிய 'காப்ஸ்' நிகழ்ச்சியில், கேமராமேன் போலீஸ் காரிலேயே ஏறிக்கொண்டு போவார். ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டதையடுத்து, 2020 ஜூனில் சேனல் அதைக் கைவிட்டது. அடுத்த ஆண்டே வேறு தளத்தில் திரும்பி வந்துவிட்டது. பிரிட்டனின் 'சேனல் 5', டிக்கெட் எடுக்காதவர்களைப் பிடிப்பதையே தொடராக ஒளிபரப்பியது.

அதே சேனலில் இன்னொரு நிகழ்ச்சி உண்டு. வாடகை பாக்கி, கடன் பாக்கி வைத்தவர்கள் வீட்டுக்கு அதிகாரிகள் போய் நிற்பதைக் காட்டுவது. அதில் காட்டப்பட்ட ஒரு தம்பதி வழக்குப் போட்டார்கள். அவர்கள் வாடகை பாக்கி வைத்திருந்தது உண்மைதான். ஆனாலும், வீட்டுக்குள் அவர்கள் நின்ற கோலத்தை ஊருக்கே காட்டியது அந்தரங்க உரிமையை மீறிய செயல் என்று சொன்ன நீதிமன்றம், 2018-ல் ஆளுக்கு 10,000 பவுண்டு இழப்பீடு தரச் சொன்னது. தப்பு செய்தவருக்கும் மானம் உண்டு என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

நம்ம ஊர் எபிசோடு

இங்கே இதற்கு சேனலே தேவையில்லை, ஒரு போன் போதும். 2024 மே மாதம், நாங்குநேரியில் அரசுப் பேருந்தில் ஏறிய போலீஸ்காரர் டிக்கெட் எடுக்க மறுத்து கண்டக்டரிடம் வாதாடினார். வீடியோ பரவியது. வாரன்ட் இருந்தால் மட்டுமே போலீஸாருக்கு இலவசம் என்று போக்குவரத்துத் துறை விளக்கம் சொன்னது. அடுத்து, நோ பார்க்கிங், சீட் பெல்ட் என்று அரசுப் பேருந்துகளுக்குப் பல ஊர்களில் போக்குவரத்து போலீஸார் அபராதம் போட ஆரம்பித்தார்கள். கடைசியில் உயரதிகாரிகள் பேசி முடித்தார்கள். போலீஸ்காரரும் கண்டக்டரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். அதுவும் வீடியோவாக வந்தது!

அந்த வீடியோவால் நன்மையே இல்லை என்று சொல்லமுடியாது. 'யூனிஃபார்ம் போட்டால் டிக்கெட் வேண்டாமா?' என்ற பழைய கேள்விக்கு வெளிப்படையாகப் பதில் கிடைத்தது. ஆனால், விதி தெளிவானதும் கேள்வி முடிந்துவிட்டது. அந்த இருவரின் முகங்கள் மட்டும் இன்றும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

மலைக்கே ஒட்டிய முத்திரை

ஒரு ஆளுக்கு நடப்பது, ஒரு மலைக்கே நடந்தால்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. உடனே கல்வராயன் மலையில் ரெய்டுகள் சூடுபிடித்தன. பேரல்கள் உடைகின்றன, ஊறல் மண்ணில் ஓடுகிறது, பின்னணியில் அதிரடி இசை. பார்க்க விறுவிறுப்பாகத்தான் இருந்தது.

ஆனால், கருணாபுரத்தில் உயிரைக் குடித்தது மெத்தனால். அது தொழிற்சாலைகளில் புழங்கும் ரசாயனம். மலை ஓடையோரம் வெல்லமும் பட்டையும் போட்ட ஊறலில் காய்ச்சுவது அல்ல. கள்ளச்சாராயம் காய்ச்சுவது குற்றம், அதைப் பிடிக்கத்தான் வேண்டும். அதில் மறுபேச்சு இல்லை. ஆனால், பேரல் உடையும் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுக்கு, மெத்தனால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மறந்து, 'கல்வராயன்னாலே சாராயம்' என்பது மட்டும் மனதில் நின்றது. அந்த மலையிலிருந்து கல்லூரிக்கு இறங்கி வரும் பிள்ளையும் இந்த முத்திரையைச் சுமக்க வேண்டியிருக்கிறது.

அதே 2024 ஜூலையில், கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி பற்றியெல்லாம் அரசிடம் கேள்வி கேட்டது. சாலை இல்லாததை வைத்து அதிரடி இசையோடு யாரும் ரீல்ஸ் போடுவதில்லை.

அப்போ கேமராவே வேண்டாமா?

வேண்டும், கட்டாயம் வேண்டும். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி போலீஸ் விசாரணையில் இறந்தபோது, மறைந்திருந்து எடுக்கப்பட்ட ஒரு வீடியோதான் அடித்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதிகாரம் கையில் இருப்பவரைச் சாமானியர் படம் எடுப்பது பாதுகாப்பு. பிடிபட்டு நிற்கும் சாமானியரை அதிகாரத்தின் தோளுக்குப் பின்னால் நின்று படம் எடுப்பது வேறு. அவரால் 'எடுக்காதீங்க' என்று சொல்லக்கூட முடியாது.

சட்டமும் கேமராவுக்கு எதிரியல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, சோதனையையும் பறிமுதலையும் போலீஸார் வீடியோ எடுத்தே ஆகவேண்டும். ஆனால், அது போய்ச் சேரவேண்டிய இடம் மாஜிஸ்திரேட்டிடம், இன்ஸ்டாகிராமுக்கு அல்ல. பிடிபட்டது சிறுவர் என்றால், அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். போலீஸார் அவசரப்பட்டு மீடியாவுக்குக் கொடுக்கும் தகவல், ஒருவரைக் குற்றவாளியாகவே மக்கள் மனதில் பதியவைத்துவிடுகிறது. அதனால்தான், போலீஸ் பிரஸ்மீட்டுகளுக்கு வழிமுறைகள் வகுக்கும்படி 2023-லேயே மத்திய உள்துறைக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

'தப்பு செய்யாதவன் எதுக்குப் பயப்படணும்?' என்று கேட்பவர்கள் உண்டு. செக்கிங் இன்ஸ்பெக்டர்களும் கண்டக்டர்களும் தினமும் வாங்கும் திட்டையும் அடியையும் ஊர் பார்க்கட்டும் என்பதும் நியாயமான ஆசைதான். தாராளமாகக் காட்டலாம், பயணியின் முகத்தை மறைத்துவிட்டு. அந்த வேலையின் கஷ்டம் புரிய, டிக்கெட் எடுக்காதவரின் முகம் எதற்கு?

அடுத்த முறை இப்படி ஒரு வீடியோ உங்கள் ஃபேமிலி குரூப்பில் வந்தால், ஃபார்வர்டு செய்யும் முன் இரண்டு விஷயம் யோசியுங்கள். இதில் இருப்பவரிடம் யாராவது அனுமதி கேட்டிருப்பார்களா? அவர் செய்த தப்புக்குச் சட்டம் கொடுக்கும் தண்டனை இவ்வளவுதானே, மீதியை நாம் ஏன் கொடுக்க வேண்டும்?