பாதுகாப்பும் வேண்டும், மின்னஞ்சலும் வந்து சேர வேண்டும்

திருப்பதி மாவட்டம் நாகலாபுரத்தில் உள்ள வேதநாராயணசுவாமி கோயிலில் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் சூரிய பூஜை நடைபெறுகிறது. மாலைக் கதிரவனின் ஒளி வாயில்களைக் கடந்து கருவறைக்குள் புகுந்து, முதல் நாள் பெருமாளின் திருவடிகளில் படுகிறது. அடுத்தடுத்த நாட்களில் மேல்நோக்கி உயர்கிறது. வழியில் ஒரு கதவு சாத்தப்பட்டிருந்தாலும் அந்த ஒளி உள்ளே சென்று சேராது. நம் கணினிக்கு வர வேண்டிய மின்னஞ்சலின் நிலையும் இதுவே. அந்த வழியைப் பல இல்லங்களில் இன்று அடைத்து நிற்பது, பாதுகாப்புக்கென்று நாமே நிறுவிக்கொண்ட விபிஎன் என்பதுதான் வியப்பு.

விபிஎன் என்னும் மெய்நிகர் தனியார் வலையமைப்பு, நம் கணினிக்கும் வேறோர் இடத்தில் உள்ள சர்வருக்கும் இடையே மறைக்குறியீடு இட்ட ஒரு சுரங்கப் பாதையை அமைக்கிறது. நாம் அனுப்புவதும் பெறுவதும் அதன் வழியே செல்கின்றன. நாகலாபுரத்தை உள்ளடக்கிய சத்தியவேடு தொகுதியிலேயே ஸ்ரீசிட்டி தொழில் நகரம் இருக்கிறது. இத்தகைய ஊர்களில் வீட்டிலிருந்து அலுவலகப் பணி செய்வோர் நிறுவனத்தின் விபிஎன்னையும், வணிகர்களும் மாணவர்களும் கட்டணச் சேவைகளையும் பயன்படுத்துவது இயல்பாகிவிட்டது.

இதில் இந்தியாவுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. கணினிப் பாதுகாப்புக்கான மைய அரசின் செர்ட்-இன் அமைப்பு, 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த நெறிமுறைகளில், விபிஎன் நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று விதித்தது. அதனை ஏற்க விரும்பாத எக்ஸ்பிரஸ் விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட் விபிஎன் ஆகியவை இந்திய மண்ணில் இருந்த தம் சர்வர்களை அகற்றின. அதன்பின் சில சேவைகளில் ‘இந்தியா’ என்று தேர்ந்தெடுத்தாலும், உண்மையில் இணைப்பு சிங்கப்பூர் போன்ற வெளியிடத்துச் சர்வர் வழியே சுற்றி வருகிறது. நாகலாபுரத்தில் அமர்ந்து கடவுச்சொல்லை இடுபவர், மின்னஞ்சல் நிறுவனத்தின் பார்வைக்குச் சற்று முன் ஆந்திரத்திலும் இப்போது அயல்நாட்டிலும் இருப்பவராகத் தோன்றலாம். திருடனோ என்று ஐயுற்று அந்நிறுவனம் கதவைச் சாத்துகிறது. அதன் எச்சரிக்கையில் பிழையில்லை. ஆனால் நம் அஞ்சல் நின்றுவிடுகிறது.

ஓரிரு நாள் மின்னஞ்சல் வராவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று வாடிக்கையாளர் கருதலாம். அக்கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. மின்னணுப் பரிவர்த்தனை மோசடிகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்பதை வரையறுத்து, ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வங்கியின் பிழையோ வாடிக்கையாளரின் பிழையோ இன்றி மூன்றாம் தரப்பால் பணம் பறிபோனால், வங்கியின் தகவல் கிடைத்த நாளை நீக்கி 3 வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பு ஏதுமில்லை என்று அது வகுத்தது. 4 முதல் 7 வேலை நாட்கள் வரை தாமதித்தால் ஓர் உச்சவரம்பு வரை இழப்பை அவரே ஏற்க நேரிடும். பெரும்பாலான சேமிப்புக் கணக்குகளுக்கு அது 10,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கையே முடிவு செய்யும். ஆகவே வங்கியின் எச்சரிக்கை மடலை நாம் பாராமல் கழியும் ஒவ்வொரு நாளுக்கும் விலை உண்டு.

இத்தகைய தடை நேரும்போது இரு தவறுகள் பரவலாக நிகழ்கின்றன. சிலர் விபிஎன்னோடு ஃபயர்வால், வைரஸ் தடுப்பு மென்பொருள் ஆகிய அனைத்தையும் நிறுத்திவிட்டு, மறுபடி இயக்க மறந்துவிடுகின்றனர். வேறு சிலர் இணையத்தில் தேடி, ‘வாடிக்கையாளர் சேவை’ என்ற பெயரில் கிடைக்கும் எண்ணை அழைக்கின்றனர். மறுமுனையில் இருப்பவர் சொற்படி திரையைப் பகிரும் செயலியை நிறுவிவிட்டால், மின்னஞ்சலைச் சரிசெய்ய வந்தவர் கணக்கையே காலி செய்துவிட்டுப் போகலாம். கடவுச்சொல்லையோ ஓடிபியையோ நாமே கொடுத்து நேரும் இழப்பை, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நாமே சுமக்க வேண்டும் என்பதும் அச்சுற்றறிக்கையின் விதியே.

செய்யத்தக்கது இவற்றினும் எளிது. முதலில் உலாவியில் மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள். அங்கே மடல்கள் வந்திருந்து, அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மென்பொருளில் மட்டும் வரவில்லையெனில், கணக்கு நலமாக உள்ளது, தடை வழியில்தான். அடுத்து, நம்பகமான வீட்டு இணைப்பில் இருக்கும்போது விபிஎன்னை மட்டும் சில நிமிடம் நிறுத்துங்கள். மடல்கள் வரத் தொடங்கினால் காரணம் தெளிவாயிற்று. வராவிட்டால் விபிஎன்மீது பழி வேண்டா. கூகுள் நிறுவனம் 2022 மே 30 முதல், வெறும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு நுழையும் பழைய முறைக்கான ஆதரவை விலக்கத் தொடங்கியது. மென்பொருள் பழையதாயின் அதனைப் புதுப்பித்து, கணக்கை மீண்டும் இணைக்க வேண்டியிருக்கலாம்.

காரணம் விபிஎன்தான் எனில், அருகில் உள்ள வேறொரு சர்வரைத் தேர்ந்தெடுத்து, எப்போதும் அதனையே பயன்படுத்துங்கள். மின்னஞ்சல் நிறுவனம் ‘நுழைந்தது நீங்கள்தானா’ என்று கேட்டிருந்தால், மடலில் வந்த இணைப்பைத் தொடாமல், உலாவியில் நீங்களே நுழைந்து உறுதிசெய்யுங்கள். பின்னர் அமைப்புகளில் உள்ள போர்ட் எண்களைப் பாருங்கள். மடல்களைப் பெற 993 அல்லது 995, அனுப்ப 465 அல்லது 587 என்பதே இன்றைய வழக்கம். அனுப்புவதற்குப் பழைய 25 என்ற எண் இருந்தால் மாற்றிவிடுங்கள். குப்பை அஞ்சலைத் தடுக்கும் பொருட்டு விபிஎன் நிறுவனங்கள் பலவும் அதனை அடைத்து வைத்துள்ளன.

இவையும் பயன் தராவிட்டால், ‘ஸ்பிளிட் டனலிங்’ என்னும் வசதி பல விபிஎன்களில் உண்டு. அதன்மூலம் மின்னஞ்சல் மென்பொருளுக்கு மட்டும் சுரங்கப் பாதையிலிருந்து விலக்கு அளிக்கலாம். இது பாதுகாப்பைக் கைவிடுவதாகாதா என்ற ஐயம் எழலாம். ஆகாது என்பதே எங்கள் கருத்து. 993, 465 ஆகிய போர்ட்களில் மடல்கள் மறைக்குறியீட்டுடனேயே பயணம் செய்கின்றன. வங்கியின் இணையதளமும் அவ்வாறே. விபிஎன் அதற்கு மேல் இடும் இன்னோர் உறையே. அந்த உறையால் போலி மடலைத் தடுக்க இயலாது. ஏமாற்றுக்காரரிடம் நாமே சொல்லிவிடும் ஓடிபியையும் காக்க இயலாது. அலுவலகம் அளித்த விபிஎன்னின் அமைப்புகளை மட்டும் நீங்களாக மாற்ற வேண்டா. அங்குள்ள கணினிப் பிரிவினரிடம் தெரிவியுங்கள்.

பாதுகாப்பு என்பது பூட்டுகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதன்று. வேண்டாதவர் நுழையாமலும், வேண்டிய செய்தி தடைபடாமலும் பார்த்துக்கொள்வது. ஆதலால் வங்கிச் செய்திகளுக்கு ஒரே வழியை நம்பியிருத்தல் தகாது என்பதையும் வலியுறுத்துகிறோம். கணக்குடன் பதிவு செய்த கைப்பேசி எண் இன்னும் உங்கள் கையில் உள்ளதா என்று பாருங்கள். மாறியிருந்தால் அருகிலுள்ள கிளைக்குச் சென்று திருத்திக்கொள்ளுங்கள். உதவி எண்ணை வங்கி அட்டையின் பின்புறத்திலிருந்தோ பாஸ்புத்தகத்திலிருந்தோ எடுத்துக் குறித்து வையுங்கள். பணம் பறிபோனதாக அறிந்தால் உடனே வங்கிக்கும், 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

இன்று மாலை கணினியைத் திறக்கும்போது, கடைசி மடல் எந்த நாளில் வந்தது என்று ஒருமுறை பாருங்கள். சில நாட்களாக ஏதும் வரவில்லையெனில், மடல் எழுத எவரும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். வழியில் ஏதோ ஒரு கதவு சாத்தியிருக்கலாம்.